கோலகங்சாரில் ஒரு நாள்: பால்மரத்திலிருந்து தொடங்குங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். பழைய கூட்டரசுச் சாலையில் சாலாக் உத்தாரா வழியாகப் போனால் அரைமணி நேரம்கூட ஆகாது. பக்கத்தில் இருக்கிற ஊர் என்பதாலேயே தோட்டப்புறக் குடும்பங்கள் பல அதைச் சரியாகப் பார்ப்பதில்லை. பள்ளிவாசலின் தங்க நிறக் குவிமாடத்துக்கு முன்னால் ஒரு படம், ஆற்றோரத்தில் ஒரு கிண்ணம் லக்சா (மீன் சாற்று நூடுல்ஸ்), அதோடு திரும்பிவிடுகிறார்கள். அது சுல்தான்களின் ஊர், நமக்கு அங்கே என்ன இருக்கிறது என்ற நினைப்பும் ஒரு காரணம். ஆனால் நம் தாத்தா பாட்டிகள் எந்த மரத்தை நம்பிக் கப்பலேறி வந்தார்களோ, அந்த மரத்தின் கதை தொடங்கிய ஊர்களில் ஒன்று அது. ஆகவே இந்த வழிகாட்டியில் பால்மரத்துக்குத்தான், அதாவது ரப்பர் மரத்துக்குத்தான், அதிக இடம்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். சனிக்கிழமை நல்லது. வெள்ளிக்கிழமை வேண்டாம்: மதியத் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் பக்கம் கார் நிறுத்த இடம் கிடைக்காது, அருங்காட்சியகங்களும் அந்த நேரத்தில் மூடிவிடுவது வழக்கம். நோன்பு மாதத்தில் போனால் மலாய்ச் சாப்பாட்டுக் கடைகள் பகலில் திறக்காது. கையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். மழைதான் அடுத்த தொல்லை. இந்தப் பக்கத்தில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும், அக்டோபர், நவம்பரில் இன்னும் கூடுதல். அதனால் வெட்டவெளியில் பார்க்க வேண்டியதையெல்லாம் மதியத்துக்குள் முடித்துவிடும்படி திட்டம் போடுங்கள். காலை 7.30 மணிக்குக் கிளம்பினால் எல்லாம் சரியாக அமையும். 10 மணிக்குக் கிளம்புகிறவர்கள் உச்சி வெயிலில், பள்ளிவாசல் இருக்கும் சண்டான் குன்றில் நின்று வாடுவார்கள்.

சொந்தக் கார் இருந்தால் கவலையில்லை. இல்லாதவர்களுக்கு இரயில் இருக்கிறது. சுங்கை சிப்புட், கோலகங்சார் இரண்டும் ஈப்போவிலிருந்து வடக்கே போகும் இருப்புப் பாதையில் உள்ளவை. ஆனால் எல்லா மின்இரயிலும் சுங்கை சிப்புட்டில் நிற்காது. போகும் இரயிலைவிடத் திரும்பும் இரயிலை முதலில் பார்த்து டிக்கெட் எடுங்கள். பள்ளி விடுமுறையிலும் தீபாவளி, ஹரிராயா சமயத்திலும் இருக்கை வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும். கோலகங்சார் நிலையத்தில் இறங்கினால் டவுனுக்கு நடப்பது வயதானவர்களுக்குச் சரிப்படாது. கைப்பேசிச் செயலியில் கிராப் வாடகைக் கார் கூப்பிட வேண்டும், சிறு ஊர் என்பதால் கார் வரக் கொஞ்சம் காத்திருக்கவும் வேண்டும். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு காரை நாள் முழுவதுக்கும் பேசிக்கொள்வதுதான் மலிவு, நிம்மதி.

போகிற வழியில் முதல் நிறுத்தம்: காராய் பாலம்

டவுனுக்குள் நுழையும் முன்னால், காராய் பக்கம் பேராக் ஆற்றின் குறுக்கே விக்டோரியா பாலம் நிற்கிறது. 1897 டிசம்பரில் தொடங்கி 1900-இல் முடித்த ஒற்றைத் தண்டவாள இரயில் பாலம். பேராக்கின் ஈயத்தைக் கொண்டுபோக இரயில் பாதை வேண்டியிருந்த காலம் அது. இன்று இரயில்கள் பக்கத்திலுள்ள புதுப் பாலத்தில் ஓடுகின்றன, பழையது ஓய்வில் இருக்கிறது.

பாலத்தைக் கீழிருந்து பார்க்கத் தவறாதீர்கள். செங்கல் தூண்கள், அவற்றின் மேல் முக்கோணம் முக்கோணமாகக் கோத்த இரும்புச் சட்டங்கள், ஒவ்வொரு மூட்டிலும் வரிசையாக அடித்த ஆணித் தலைகள். காலை 8 மணி வெயில் சாய்வாக விழும்போது இந்த ஆணி வரிசை நன்றாகத் தெரியும், படமும் நன்றாக வரும். தண்டவாளத்தை ஒட்டிப் பக்கவாட்டில் குறுகலான நடைபாதை இருக்கிறது. பலகைகளின் நிலையைப் பார்த்த பிறகே கால் வையுங்கள், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், மோட்டார் சைக்கிள் வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். அடைத்து வைத்திருந்தால் தாண்டிப் போக வேண்டாம். கரையிலிருந்து பார்ப்பதே போதும். புதுப் பாலத்தின் தண்டவாளத்தில் ஏறவே கூடாது. மின்இரயில் வரும் வேகத்தில், சத்தம் காதில் விழும்போது விலக நேரம் இருக்காது.

மலாயா இரயில் பாதைகளில் மண் வெட்டியவர்களிலும் தண்டவாளம் பராமரித்தவர்களிலும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் ஏராளம். நிலைய அதிபர், கிராணி (எழுத்தர்) வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைந்திருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல இது நல்ல இடம். அரை மணி நேரம் இங்கே போதும்.

அந்த மரம்

டவுனில் மாவட்ட, நில அலுவலகத்தின் பக்கத்தில், அந்தப் பழைய பால்மரத்துக்கு வேலி போட்டுப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். சாலையிலிருந்தே தெரியும். தெரிந்தும் பலர் காரை நிறுத்துவதில்லை, ஏனென்றால் பார்வைக்கு அது ஒரு கிழட்டு மரம், அவ்வளவுதான். கதை தெரியாமல் போனால் இரண்டு நிமிடத்தில் அலுத்துவிடும். ஆகவே கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்.

1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் முளைத்தவை மிகச் சில. முளைத்த கன்றுகள் இலங்கைக்குப் போயின. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக (சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் பிரிட்டிஷ் அதிகாரியாக) இருந்த ஹியூ லோவின் இல்லத் தோட்டத்தில் அவை நடப்பட்டன. அந்த நடவிலிருந்து எஞ்சியது என்று போற்றப்படும் மரம்தான் இது.

நட்டார்களே தவிர, தோட்ட முதலாளிகள் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. காப்பி, கரும்பு என்று இருந்தார்கள். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்குத் தலைவராக வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பப் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சோதித்துக் காட்டினார். மோட்டார் வண்டிகளுக்கு டயர் தேவைப்பட்ட காலம் வந்ததும் ரப்பர் விலை ஏறியது, காடுகள் தோட்டங்களாயின, தோட்டத்து மேற்பார்வையாளர்களான கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு ஆள் கட்டப் போனார்கள். 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை அந்தக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. கையளவுக் கன்றுகள் ஒன்பதுக்கும் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய நம் லயன் வீடுகளுக்கும் நடுவே இருக்கும் தூரம் இவ்வளவுதான்.

இந்த மரத்துக்கு முன்னால் எப்படி நிற்பது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வீட்டில் பால் வெட்டிய பெரியவர் ஒருவர் இருந்தால் கட்டாயம் அழைத்துப் போங்கள். மடக்கு நாற்காலி ஒன்று, தண்ணீர், குடை. அங்கே உட்கார நிழலான இருக்கையை நம்பிப் போகாதீர்கள். "பாட்டி, அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் "கஷ்டம்தான்" என்பதோடு முடிந்துவிடும். குறிப்பாகக் கேளுங்கள். பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) எத்தனை மணிக்குப் போவீர்கள்? ஒரு நிரையில் எத்தனை மரம்? மங்கை (பால் பிடிக்கும் கிண்ணம்) எப்போது கவிழ்த்து வைப்பீர்கள்? மழை வந்தால் அன்றைக்குச் சம்பளம் உண்டா? ஒட்டுப்பாலை (வெட்டில் உறைந்து ஒட்டிய பாலை) எதில் போடுவீர்கள்? ஒரு கேள்விக்கு ஒரு கதை வரும். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்ய முன்னாலேயே அனுமதி கேட்டுவிடுங்கள். சாலையோரம் என்பதால் வண்டிச் சத்தம் விழும். கைப்பேசியை அவர் மடியில் வைத்தால் குரல் தெளிவாகக் கிடைக்கும்.

பெரியவர் யாரும் இல்லையென்றால் பிள்ளைகளுக்கு நீங்களே பால் வெட்டும் முறையைச் சொல்லலாம். பட்டையில் வெட்டும் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, சுமார் 30 பாகைச் சாய்வில் இறங்கும். பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேராக ஏறாமல் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஏறுகின்றன. அவற்றைக் குறுக்கே வெட்ட வேண்டுமானால் கோடு எதிர்ப்பக்கமாகத்தான் இறங்க வேண்டும்; அப்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபட்டு அதிகப் பால் வடியும். ஒவ்வொரு முறையும் சீவுவது ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான். அதைவிட ஆழமாகக் கத்தி இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால், புதுப் பட்டை வளர வேண்டிய மெல்லிய படை காயப்படும். அந்த இடம் பிறகு முண்டும் முடிச்சுமாகப் புடைத்து வளரும்; அடுத்த சுற்றில் அங்கே கோடு ஓடாது. கங்காணி திட்டியது இதற்காகத்தான். விடிவதற்கு முன்னால் வெட்டப் போனதற்கும் காரணம் உண்டு: குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் நீர் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறியதும் இலைகள் நீரை இழக்கும், ஓட்டம் குறையும்.

வழியில் சாலையோரம் பழைய பால்மரங்கள் கண்ணில் பட்டால் அடிமரத்தைப் பாருங்கள். வழுவழுப்பாக ஆறிய பட்டை நல்ல கை வெட்டியது, முடிச்சு முடிச்சாக இருப்பது அவசரக் கை வெட்டியது. ஒரு முறை பார்க்கத் தெரிந்துவிட்டால் பிறகு எந்த மரமும் ஊமை மரமாக இருக்காது. மாவட்ட அலுவலக மரத்தை மட்டும் கீறவோ, இலை பறிக்கவோ, வேலி தாண்டவோ வேண்டாம். கீழே விழுந்த காய்களைப் பார்க்கலாம். மூன்று அறையுள்ள அந்தக் காய் காய்ந்ததும் பட்டென்று வெடித்து விதையைத் தூர எறியும். பிப்ரவரி வாக்கில் போனால் மரம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கலாம். செத்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அது ஆண்டுதோறும் நடப்பது.

சண்டான் குன்று

10 மணிக்குள் புக்கிட் சண்டான் ஏறிவிடுங்கள். பள்ளிவாசல், பழைய அரண்மனைகள் எல்லாம் இங்கேதான், ஒன்றுக்கொன்று நடக்கிற தூரம். காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடங்கள்.

உபுடியா பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கியது 1913-இல். நோய் நீங்கியதற்கு நன்றியாக அழகானதொரு பள்ளிவாசல் எழுப்புவேன் என்று சுல்தான் இட்ரிஸ் நேர்ந்துகொண்டதாகச் சொல்வார்கள். வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹபேக், கோலாலம்பூர் பழைய இரயில் நிலையத்தை வரைந்த அதே கட்டடக் கலைஞர். முதல் உலகப் போரால் வேலை தாமதமானது. போதாததற்கு இரண்டு அரச யானைகள் சண்டை போட்டு, இத்தாலியிலிருந்து வந்த பளிங்குக் கற்களை உடைத்தன. 1917-இல் திறந்தபோது சுல்தான் இட்ரிஸ் உயிரோடு இல்லை.

உடை விஷயத்தில் கவனம் வேண்டும். முட்டிக்கு மேல் நிற்கும் கால்சட்டை, கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் வளாகத்தில் நின்று பார்க்கலாம். தொழுகை நேரத்தில் ஒதுங்கியிருங்கள், உள்ளே போக வேண்டுமானால் அங்கிருப்பவரிடம் கேட்டு, கொடுக்கிற அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் அரச கல்லறை இருக்கிறது, அங்கே சத்தம் போட்டுப் படம் எடுக்க வேண்டாம். முழுக் கட்டடமும் படத்தில் விழ வேண்டுமென்றால் சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள். கிட்டே நின்றால் மினாராக்கள் தலை வெட்டுப்படும்.

இஸ்தானா கெனாங்கான் (இஸ்தானா என்றால் அரண்மனை) நம் பார்வையில் பள்ளிவாசலைவிட அதிக நேரம் நின்று பார்க்க வேண்டியது. 1926-இல், பெரிய அரண்மனை கட்டி முடியும்வரை தங்குவதற்காக எழுப்பிய மரவீடு. ஆணியே அடிக்காமல் மரத்தை மரத்தில் கோத்துக் கட்டியது. சுவர்கள் மூங்கில் பின்னல். கட்டம் கட்டமாக வெள்ளை, மஞ்சள், கறுப்பு நிறங்கள், பேராக் கொடியின் அதே மூன்று நிறங்கள். பக்கவாட்டில் நின்று பின்னலின் ஓட்டத்தைக் கண்ணால் பின்தொடருங்கள்; மூங்கில் பட்டைகள் மேலும் கீழும் போய் வைரக்கட்டம் உண்டாகும் விதம் புரியும். பாய் முடையத் தெரிந்த பாட்டிகள் இங்கே நகர மாட்டார்கள். உள்ளே அரச அருங்காட்சியகம் இருந்தது. பழைய மரக் கட்டடம் என்பதால் பழுதுபார்க்க மூடுவார்கள். முந்தின நாள் விசாரித்துவிட்டுப் போங்கள். மூடியிருந்தாலும் அந்தச் சுவரைப் பார்க்க வெளியிலிருந்தே முடியும்.

1933-இல் முடிந்த இஸ்தானா இஸ்கந்தாரியாவுக்குள் பொதுமக்களுக்கு அனுமதியில்லை, வாயிலிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள். சுல்தான் அஸ்லான் ஷா காட்சியகம் பழைய இஸ்தானா ஹுலுவில் இருக்கிறது. நாட்டின் ஒன்பதாவது மாமன்னரும், அதற்கு முன்னால் தலைமை நீதிபதியுமாக இருந்தவரின் உடைமைகள். வெயில் தாங்காதவர்களுக்கு நல்ல ஒதுங்குமிடம்.

சாப்பாடும் சாயோங்கும்

மதியத்துக்கு ஆற்றங்கரை உணவுத் தளம். கோலகங்சார் லக்சா மீன் சாற்றில் செய்வது, பினாங்கு லக்சாவைவிட நீர்த்தது, லேசான புளிப்பு. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் தயக்கமின்றிச் சாப்பிடலாம். சைவர்களுக்கு இது ஆகாது. சம்பாலிலும் (மிளகாய் விழுது) பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். அவர்கள் டவுன் கடை வரிசையில் தோசை, சப்பாத்தி கிடைக்கும் நம் கடை ஒன்றைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஒன்றரை மணிக்கு மேல் போனால் நல்ல லக்சாக் கடைகளில் சாறு தீர்ந்துவிடும்.

வழியில் 1905-இல் தொடங்கிய மலாய்க் கல்லூரியையும், அதன் திடலை அடுத்து 1930-இல் அரச குடும்பத்தார் போலோ ஆட்டம் பார்க்கக் கட்டிய சின்னக் கோபுரத்தையும் காரிலிருந்தே பார்க்கலாம். கல்லூரி நடந்துகொண்டிருக்கும் விடுதிப் பள்ளி, உள்ளே சுற்ற முடியாது.

ஆற்றுக்கு அக்கரை சாயோங். கறுப்பு மண் குடுவை, லாபு சாயோங், அங்கேதான் செய்கிறார்கள். படகுத்துறையில் படகு ஓடினால் படகில் போங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்; இல்லாவிட்டால் பாலம் இருக்கிறது. சுட்ட குடுவையைச் சூட்டோடு உமியில் புதைப்பதால் வரும் கறுப்பு அது, சாயம் பூசியதல்ல. வாங்கும்போது மூன்று சோதனை செய்யுங்கள். விரல் முட்டியால் தட்டுங்கள்: கணீரென்றால் நன்றாக வெந்தது, மொத்தென்றால் விரிசல். கழுத்தும் வயிறும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டு விடுவது பெரும்பாலும் அங்கேதான். முடிந்தால் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் பழைய தாளின் மேல் வைக்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் முழுக்க லேசாக ஈரம் பூத்தால் நல்லது, அந்த ஈரம் காற்றில் உலர்வதால்தான் உள்ளே தண்ணீர் குளிர்கிறது. ஒரே இடத்தில் சொட்டினால் வேண்டாம். பளபளவென்று வார்னிஷ் பூசியவை அலமாரிக்கு அழகு; துளைகள் அடைபட்டுவிடுவதால் தண்ணீரைக் குளிர வைக்காது. நம் வீட்டு மண்பானை மாதிரியே, முதல் இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி ஊற்றி ஊற்றி மாற்றினால் புகைவாடை போய்விடும். ஊருக்குக் கொண்டுபோகும்போது உள்ளேயும் துணி அடைத்து, கால் வைக்கும் இடத்தில் வையுங்கள். பின்பக்கப் பெட்டியில் உருண்டால் கழுத்து போய்விடும்.

திரும்பும்போது சுங்கை சிப்புட்

4 மணிக்குத் திரும்பினால் சுங்கை சிப்புட்டையும் வரலாற்றுக் கண்ணோடு பார்க்க நேரம் இருக்கும். 1948 ஜூன் 16-ஆம் தேதி காலை எல்ஃபில் தோட்டத்தில் ஒரு துரையும் (தோட்ட நிர்வாகியான வெள்ளைக்காரர்), அருகிலிருந்த பின் சூன் தோட்டத்தில் இரண்டு துரைமாரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராக அறிவித்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. எல்ஃபில் பக்கம் போக நினைப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: தோட்டம் தனியார் நிலம், அலுவலக அனுமதியில்லாமல் உள்ளே போகாதீர்கள். பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, குலை ஏற்றிய லாரிகள் மண்பாதையில் வேகமாக வரும்.

டவுனில் மகாத்மா காந்தி கலாசாலை இருக்கிறது. 1950-களில் அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் நிறுவிய தமிழ்ப்பள்ளி. நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்தார். சம்பந்தன் பிறந்ததும் 1919-இல் இதே சுங்கை சிப்புட்டில்தான். துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். காலையில் அந்த மரத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தச் செய்தி வேறு கனத்தோடு காதில் விழும். பள்ளி வளாகத்துக்குள் போக நிர்வாகத்திடம் முன்பே கேட்க வேண்டும். வார இறுதியில் வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி.

காலையிலேயே மழை பிடித்துக்கொண்டால் வரிசையை மாற்றிவிடுங்கள்: அஸ்லான் ஷா காட்சியகமும் சாயோங் பட்டறைகளும் முதலில், பாலத்தை விட்டுவிடலாம். மரத்தை மட்டும் விட வேண்டாம். குடை பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றாலும் போதும். மழைநாளில் பால் வெட்டு இல்லை என்பதால், பெரியவர்களுக்கும் அன்றைக்குப் பேச நேரம் இருந்த நாட்கள் ஞாபகம் வரும்.